முந்நூறு திர்ஹம் வாடகை

கையில் புதுப் பூட்டோடு வாசலில் வந்து நின்றார் வீட்டுக்காரர் பூபதிராஜா. கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் காலையில்தான் வாங்கியிருந்தார்.

“அம்மிணி, அஞ்சு மாச வாடகை. இன்னைக்குப் பணம் வரோணும், இல்லீனா ஊடு காலியாகோணும்.”

கௌசிகாவுக்குச் சலித்துப்போயிற்று. “அவரு மாசாமாசம் உங்க பையன் கையில முந்நூறு திர்ஹம் குடுத்துட்டுத்தானுங்க இருக்காரு.” இதையே எத்தனை தடவைதான் சொல்வது?

அவள் கணவன் செங்கோட்டையனும் பூபதிராஜாவின் மகன் அருள்குமாரும் துபாயில் இருந்தார்கள். வாடகையை அங்கேயே திர்ஹமாக மகன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது பூபதிராஜா போட்ட கண்டிஷன். ரூபாய் விழுந்தாலும் தனக்கு நஷ்டம் வரக்கூடாது என்று கணக்குப் போட்ட மனுஷன்.

“இனிமே ரூபாயா நானே இங்க குடுத்தர்றனுங்க.”

“திர்ஹம் ஏறிட்டே போகுது. உன்ர ரூபாயை வெச்சு நான் என்ன பண்றது? என்ர பையன் பொய் சொல்லுவானா? கம்பெனியில சூப்பர்வைசர். அப்படியிருந்தும் எந்நேரம் கூப்பிட்டாலும் முதல் ரிங்லயே எடுத்துருவான். இப்பப் பாரு.”

செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. சொன்னபடியே முதல் ரிங்கில் எடுத்தான் அருள்குமார். பூபதிராஜா ஸ்பீக்கரைப் போட்டார்.

“சாமி, செங்கோட்டையன் பணம் குடுத்தானா?”

“இல்லீங்கப்பா.” போன் கட்டாகிவிட்டது.

உண்மை கௌசிகாவுக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று புருஷன் சத்தியம் வாங்கியிருந்தான்.

“திங்கட்கிழமை யோகப்பிரியாவுக்குப் பத்தாவது பரீட்சைங்க. அதுவரைக்குமாவது பொறுங்க.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. பாத்திரம் பண்டத்தை வெளிய எடு.” பூபதிராஜா பூட்டைத் திறந்து கதவுக் கொண்டியில் மாட்டினார். உள்ளே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் சத்தியமாவது மண்ணாவது என்றாகிவிட்டது கௌசிகாவுக்கு. தன் செல்போனைக் கையில் எடுத்தாள்.

“சரிங்க, காலி பண்ணிக்கறோம். வேலை போயி, அந்தத் திர்ஹத்துல சாப்பிட்டுட்டு, அஞ்சு மாசமா எங்க ஊட்டுக்காரரு ரூம்ல படுத்திருக்கற உங்க பையனையும் காலி பண்ணச் சொல்லட்டுங்களா?”