மேல யாரு, கீழ யாரு

டேய் புது ஸ்க்ரூப் பசங்களா, டப்பாவுக்குள்ள பளபளன்னு படுத்துக்கிட்டு என்னடா இளிப்பு? கேளுங்க.

ஒரு கோழிக்கொட்டாய்க் கூரையில ரெண்டு தகரம். ஒண்ணு வெறும் துத்தநாகம் பூசினது. இன்னொண்ணு அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசினது. ஓரத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுக்கணும், அப்பதான் ஒழுகாது. ரெண்டையும் சேத்துப் பிடிக்கிற ஸ்க்ரூ நான்.

"கீறல் விழுந்தா நான் முதல்ல கரைஞ்சு உள்ள இருக்குற இரும்பக் காப்பாத்துவேன். நான்தான் மேல"ன்னுச்சு துத்தநாகம்.

"அதான் சீக்கிரமே காலியாயிடுறியே! உன்னைவிட ரொம்ப வருஷம் தாங்குறவன் நான். கீழ போ"ன்னுச்சு கலப்பு.

அடியில அடைகாத்துக்கிட்டிருந்த கோழிக்குத் தலையே வெடிக்கிற மாதிரி ஆயிருச்சு. "அட எழவெடுத்தவனுங்களா, மழை வருது! எவன் மேல படுத்தா எனக்கென்ன? என் முட்டை நனையாம இருந்தா போதும்டா!"

ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கிச்சு. நடுவுல விரல் போற அளவுக்குச் சந்து. மழை நேரா முட்டை மேல கொட்டுச்சு.

அப்பக்கூட, "பாத்தியா, உன்னாலதான்"னு மறுபடி ஆரம்பிச்சுதுங்க.

நான் இறுக்கிப் பிடிச்சிருந்தா சந்தே விழுந்திருக்காது. சண்டை சுவாரசியமா இருந்துச்சுடா, பிடியை விட்டுட்டேன்.