தானாக ஓடிய பக்கம்

"விவாதப் பக்கம் தானாவே ஓடுதும்மா. 'வாயாடி'ங்கிற பேர்ல ஒருத்தன் தினம் சந்தேகம் கேக்குறான், 'பெரியப்பா'ங்கிற பேர்ல ஒருத்தர் பதில் சொல்றாரு, மாணவங்க எல்லாரும் வந்து கலந்துக்குறாங்க. அதைப் பாத்துக்க நீ வேற எதுக்கு?"

ஆன்லைனில் கணிதப் பாடம் நடத்தும் முதலாளி, அந்தப் பக்கத்தைக் கவனித்துவந்த அவளுடைய வேலைநீக்கக் கடிதத்தில் அன்றே கையெழுத்துப் போட்டார். ஆறு வருட உழைப்பு! 'இரு, வச்சிக்கிறேன்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே படியிறங்கினாள்.

மூன்றே வாரத்தில் போன் வந்தது.

"விவாதப் பக்கத்துல ஈ காக்கா இல்லம்மா! பாதிப் பேர் படிப்பையே விட்டுட்டாங்க. அந்த வாயாடியும் பெரியப்பாவும் எங்கதான் போய்த் தொலைஞ்சாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"கேட்டதும் நான்தான், பதில் சொன்னதும் நான்தான் சார். ஒரே கையெழுத்துல மூணு பேரைத் தூக்கிட்டீங்களே!"