காணாமல்போன சீப்பு

பனானா பிரெட் செய்வதற்காக ஜெயசித்ரா மடவார் வளாகம் கடைத்தெருவில் வாங்கி வைத்த கற்பூரவள்ளி வாழைப்பழச் சீப்பைக் காணோம். போன வாரமும் இப்படித்தான்.

“அத்தே, பழத்தப் பாத்தீங்களா?”

“நான் என்னத்தக் கண்டேன்?” டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார் மாமியார் பரிபூரணம்.

ஜெயசித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் முதன்முதலாகச் செய்தபோதே, “கறுத்த பழத்துல கேக்கா? நான் வாயில வைக்க மாட்டேன்” என்று முகம் சுளித்தவர்தானே! பழம் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

கணவன் எட்வின் வரட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான். சரிப்படாவிட்டால், ராஜபாளையத்தில் அம்மா வீடு இருக்கவே இருக்கிறது.

உலை வைத்துவிட்டு, அரிசி டிரம்முக்குள் கையை விட்டாள். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. தோண்டி எடுத்தால், பேப்பரில் சுற்றிய அதே சீப்பு. பாதி கறுத்திருந்தது. கூடவே வால்நட்டும் உலர்திராட்சையும் ஒரு பொட்டலம்.

“ஏட்டி, அத மூடு!” பின்னாலேயே வந்து நின்றார் பரிபூரணம். “போன வாரச் சீப்ப உம் புருசன்தான் முழுங்கினான். இது இன்னும் ரெண்டு நாள் கறுக்கட்டும்.”

ஜெயசித்ரா சீப்பை மறுபடி அரிசிக்குள் புதைத்தாள்.

“பொறவு, இந்த வால்நட்டையாவது முழுசாப் போடு. போன தடவ நீ பொடிச்சுப் போட்டது வாயில தட்டுப்படவே இல்ல.”