அந்த நாலு தடவை

லிஃப்ட் கம்பெனி மேனேஜர் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது பேராசிரியை ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். கதவுக்கு மேலே நாலு திருகு ஓட்டைகள். கழற்றிய போர்டு முகம் தெரியாமல் சுவரோடு சாத்தியிருந்தது.

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெயர்ப்பலகையே இறங்கிவிட்டதென்றால் இந்த அம்மாவின் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்!

ஒரு மாதமாக அவர் உயிரை வாங்கிய அம்மா இது. கம்பெனி கொடுக்கும் பணத்தில் கம்பெனி லிஃப்டின் பிரேக்கை முப்பது தடவை சோதித்தார். நாலு தடவை, சூடேறியதும் பிரேக் வழுக்கியது. அந்த நாலையும் அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னால், மாட்டாராம். பணத்தை நிறுத்தினால் கூடத்தையே மூடவேண்டி வரும் என்று மிரட்டியும் பார்த்தாயிற்று. அசைந்தால்தானே.

“நேத்து யுனிவர்சிட்டி கமிட்டி கூடிச்சாமே மேடம். என்ன முடிவு?”

“இன்னைக்கே காலி பண்ணிடணும்னு முடிவு சார்.”

“நான்தான் தலையால அடிச்சுக்கிட்டேனே. நாலே நாலு வரி. அதுக்காக இத்தனை வருஷ உழைப்பைப் போட்டு உடைக்கணுமா?”

“லிஃப்ட்ல ஏறுறவங்களுக்கு இது அந்த நாலு தடவைல ஒண்ணான்னு தெரியாதே சார். முப்பதையும் போட்டுத்தான் காலையில அறிக்கையை அனுப்பினேன்.”

“அடுத்து வர்றவர் திருத்திக்குவார், விடுங்க.”

“பிரேக்கைத் திருத்தினா நல்லது” என்றார் பேராசிரியை.

வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் ஜெயித்த மனிதருக்குத் தாராள மனசு தானாக வந்துவிடுகிறது. போர்டு கதவின் அகலத்துக்கு நீளமாக இருந்தது.

“இதை எப்படி ஒண்டியாத் தூக்குவீங்க? என் வண்டில ஏத்துங்க, கொண்டுபோய் இறக்கிடறேன்.”

“அதுக்குத்தான் சார் உங்களை வரச்சொன்னேன்.”

மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். போர்டைத் திருப்பினார். ஐந்து வருஷமாக அந்தக் கதவுக்கு மேல் மின்னிக்கொண்டிருந்த பித்தளை எழுத்துகளைப் படித்தவர், பிடித்த பிடியில் அப்படியே நின்றுவிட்டார்.

பேராசிரியை மறுமுனையைத் தூக்கினார்.

“நடங்க சார். உங்க கம்பெனி போர்டுதானே.”