கூப்பன் வேண்டாம்

“சவோதத் ரஹீமோவா! இங்க ஒரு கையெழுத்து.” கவுண்டரின் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த அம்மாள் பேனாவை எடுப்பதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து பக்தோவர் பாய்ந்து வந்தான்.

“போடாதீங்கம்மா! போட்டீங்கன்னா பணம் போச்சு.”

ஹுஜந்த் நகரத்தில் அந்த விமானக் கம்பெனியின் அலுவலகம் இரண்டு மாதமாக இப்படித்தான் நடந்தது. ரஷ்யாவுக்குப் போகும் விமானங்களை ஒவ்வொன்றாக ரத்து செய்துவிட்டு, பணத்துக்குப் பதில் அடுத்த பயணத்துக்கான கூப்பனை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பக்தோவருக்கு முப்பது வயதிருக்கும். மூன்று நாளாக அவனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான். தன் முறை வந்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு மறுபடி கடைசிக்குப் போய்விடுவான். அந்தக் கவுண்டரைத் தொடவே அவனுக்கு அருவருப்பு போலிருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அருவருப்பாகத்தான் இருந்தது. உள்ளே இருப்பவர் முகமே தெரியாதபடி கண்ணாடி முழுக்க விளம்பரத் தாள் ஒட்டியிருந்தார்கள். கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு துளை; விளிம்பெல்லாம் பிசுக்கு. உள்ளேயிருந்து பழைய எண்ணெயில் பொரித்த சம்புசா வாடை.

“யாரது நடுவுல புகுந்து?” என்றது உள்ளேயிருந்த பெண்ணின் குரல். “பணம் தர சட்டத்துல இடமில்ல. இவங்க கூப்பன் காலாவதியாகப் போகுது, இன்னும் ஆறு மாசத்துக்கு நீட்டிக் குடுக்கறேன்.”

“அடுத்து, ‘இதுவே நாங்க செய்யற பெரிய உதவி’ன்னு சொல்லணுமே. ஏன் நிறுத்திட்ட?” என்றான் பக்தோவர்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சவோதத் அம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “விடு தம்பி, எனக்கு அலுத்துப் போச்சு. போன மாசமும் இதே ஓட்டைக்கு முன்னாலதான் நின்னேன். எங்க வீட்டுக்காரருக்கு ரஷ்யாவுல, எகாதெரின்பர்க்ல கட்டட வேலை. சாரத்துலேர்ந்து விழுந்து ஆஸ்பத்திரியில கிடந்தார். நான் போக வேண்டிய விமானத்த ரத்து பண்ணிட்டாங்க.”

“அப்புறம்?” என்றார் பின்னால் நின்ற கிழவர்.

“பணத்தத் திருப்பிக் குடு, நாளைக்கு வேற கம்பெனி விமானம் இருக்கு, அதுல போயிடறேன்னு கெஞ்சினேன். அப்போ உள்ள ஒருத்தன் இருந்தான், ஒலிபெருக்கியில கரகரன்னு குரல் மட்டுந்தான் கேட்டுது. சட்டத்துல இடமே இல்லன்னான். படிச்சவன், பொய்யா சொல்லப்போறான்னு கூப்பன வாங்கிட்டுப் போனேன். அடுத்த வாரத்து விமானமும் ரத்து.”

கருநீலத் துக்கத் துணியின் ஓரத்தால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நான் போகல. அவருதான் வந்தார். பெட்டியில.”

கிழவர் வாசல் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார். “அவன் சோறுதான் திங்கறானா, வேற எதையாவது திங்கறானா?”

பக்தோவர் முகம் வெளுத்துப்போய், கண்ணாடித் துளையருகே குனிந்தான்.

“இந்தா பாரும்மா, நல்லா கேட்டுக்கோ. கம்பெனியே ரத்து பண்ணினா முழுப் பணத்தையும் குடுக்கணும். கூப்பன் செலவாகலன்னா அதையும் பணமா மாத்தணும். ரெண்டாவது டிராயர்ல நீல ஃபைலுக்கு அடியில விண்ணப்பத் தாள் இருக்கு. எடு.”

“அப்படி ஒண்ணு இருக்கறதா எங்கிட்ட யாரும்…” என்று இழுத்தது குரல். டிராயர் திறக்கும் ஓசை கேட்டது.

“இருக்கு” என்றாள் அந்தப் பெண், இந்தத் தடவை ஒலிபெருக்கி இல்லாமல்.

பக்தோவர் அருகில் நின்று ஒவ்வொரு கட்டமாகக் காட்ட, சவோதத் அம்மாள் எழுதினார். அந்தப் பெண் தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். மேனேஜர் கத்துவது வெளியே வரை கேட்டது. நடுநடுவே அவளும் எதிர்த்துக் கத்தினாள். அரை மணி நேரம் கழித்து, அந்தப் பிசுக்குத் துளை வழியாக சோமோனி நோட்டுக்கட்டு வெளியே வந்தது.

கிழவர் தன் கூப்பனைக் கசக்கித் துளைக்குள் எறிந்தார். “எனக்கும் ஒரு தாள் எடு!” வரிசை மொத்தமும் அதையே கேட்கத் தொடங்கியது.

பக்தோவர் சவோதத் அம்மாளை வேன் நிற்கும் இடம் வரை கூட்டிக்கொண்டு வந்தான். அவர் பையிலிருந்த வட்ட ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அவன் கையில் வைத்தார்.

“சாப்பிடு. வரிசையில நின்னு எனக்காகத் தொண்டை கிழியக் கத்தின. அவரு போய் நாப்பதாம் நாள் வருது, பத்துப் பேருக்குச் சோறு போட இந்தப் பணம் ஆகும். நீயும் கண்டிப்பா வரணும்.”

அவன் ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். வேன் வந்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அம்மாள் ஏறவில்லை.

“ஒரு மாசமா எனக்கு ஒரே நெனப்புதான் தம்பி. அந்தப் பாவி பேரு தெரிஞ்சா அஞ்சு வேளைத் தொழுகையிலயும் சபிப்பேன். ஆனா இன்னிக்கி, உனக்காக துஆ கேக்கணும்னு தோணுது. உன் பேரச் சொல்லு. எல்லா விவரமும் தெரிஞ்சு வெச்சிருக்க, அவன் பேரு தெரிஞ்சா அதையும் சொல்லிடு.”

பக்தோவர் ரொட்டியை அவர் பையிலேயே திருப்பி வைத்தான்.

“ரெண்டும் ஒரே பேருதாம்மா.”