அழுகையா, சிரிப்பா

கூடத்தில் தொங்கிய ஓவியத்தில் ஒரு சின்னப் பெண் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு பல்லி இரண்டு முட்டை போட்டு வைத்திருந்தது.

"உதட்டைப் பிதுக்கிக்கிட்டு இருக்கா பாருங்க, இப்பவே அழுதுடுவா. கழற்றிடுங்க" என்றாள் வீட்டுக்காரி செண்பகவல்லி.

படம் போனால் முட்டைகளும் போய்விடுமே என்று பல்லி காதைத் தீட்டிக்கொண்டது.

"அட, சிரிப்பை அடக்கிக்கிட்டு இருக்காம்மா" என்றார் புருஷன்.

பல்லி சட்டென்று 'ச்ச்ச்ச்' என்று குரல் கொடுத்தது.

"பல்லியே சொல்லிடுச்சு, அப்ப நிஜந்தான்!" என்று சுவரை விரலால் தட்டிவிட்டு நகர்ந்தாள் செண்பகவல்லி. படம் ஆணியிலேயே தங்கிவிட்டது.

எதிர்ச்சுவர்ச் சிலந்தி கேட்டது: "ஏங்க்கா, நெஜமாவே சிரிக்கிறாளா? எனக்கென்னவோ கொட்டாவி விடப்போற மாதிரி தெரியுது."

"யாரு கண்டா? நான் பார்த்ததெல்லாம் அவ முதுகுப் பலகையைத்தான்" என்றது பல்லி, முட்டைகளை ஒட்டிப் படுத்தபடி. "ஆனா தங்கமான பிள்ளைடி."