உடும்புக்கு ஒரு சால்வை

"கபடி கபடி கபடி கபடி..."

இருட்டினால் போதும், பக்கத்து வீட்டில் ஒரு ஆண் குரல் மூச்சு விடாமல் சொல்லும். அப்புறம் 'தொம்' என்று எங்கள் சுவரில் ஏதோ மோதும். அதற்குப் பிறகு சத்தமே இருக்காது.

சித்தூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து இதுதான். என் கணவர் வேணுவுக்கு மாம்பழக் கூழ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். வீட்டில் நான், கைக்குழந்தை மஞ்சு, என் மாமியார் ரத்தினம்மா.

"அத்தை, அது என்ன சத்தம்?"

"சார் பிராக்டீஸ் பண்றாருடி. தூங்கு."

சார் என்றால் ஹரிபிரசாத். ஒரு காலத்தில் ஜில்லா கபடி டீமில் பெரிய ஆட்டக்காரர். கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாராம். பட்டப்பெயர் 'உடும்பு'.

"ரிடையர் ஆனவர் யாரோடு பிராக்டீஸ் பண்ணுவார், அத்தை? அந்த வீட்டில் அவரும் அவர் மனைவியும்தானே?"

அத்தை எழுந்து போய் மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள் இரண்டையும் இழுத்துப் பார்த்தார்.

"போலீசில் சொல்லலாமா?"

"இன்னான்னு சொல்லுவ? வூட்ல கபடி ஆடறாருன்னா?"

மனைவி ஸ்வர்ணலதாம்மாவை நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வரமாட்டார். கேட் பூட்டின் சாவி சார் இடுப்பில் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதி மைதானத்தில் பழைய கபடி ஆட்டக்காரர்களுக்குப் பாராட்டு விழா. அத்தைக்குக் கபடி என்றால் பைத்தியம்.

"நீயும் வா. போட்டோ எடுக்க ஆள் வேணும்."

"உடும்புக்கும் சால்வை போடுகிறார்களா?"

"அதுக்குத்தான் போறதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதலில் ஒரு ஆட்டம் வைத்தார்கள். கபடி பாடிப் போன பையன் மேல் ஐந்து பேர் விழுந்தார்கள். அவன் மண்ணோடு மண்ணாக இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டில் ஒரு விரலை வைத்தான். அத்தை நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

"தொட்டுட்டான்! வுடுங்கடா அவன!"

"ஐந்து பேர் பிடித்துவிட்டார்களே, அத்தை?"

"அம்பது பேர் பிடிச்சா இன்னா? விரல் நுனி கோட்டத் தொட்டா அவன் அவுட் இல்ல. பிடிச்சவந்தான் அவுட்டு. கான்வென்ட்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?"

"த்ரோபால் சொல்லிக்கொடுத்தார்கள்."

"நல்லா கீது."

சால்வை நேரம் வந்தது. உடும்பின் பெயரை மைக்கில் சொன்னதும் அத்தை இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். மஞ்சு பயந்து அழுதாள்.

"நான் பிடித்தால் விடமாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான்" என்று தெலுங்கில் சொன்னார் சார். ஒரே கைதட்டல்.

அவர் வெற்றிக்குப் பின்னால் நிற்பவர் என்று மனைவியையும் மேடைக்கு அழைத்தார்கள். மே மாத வெயிலில் ஸ்வர்ணலதாம்மா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார். சால்வை தோளில் பட்டதும் உடம்பைச் சுருக்கிக்கொண்டார்.

அத்தை மறுபடியும் விசில்.

"உங்களுக்குக் கண் இல்லையா, அத்தை?"

"வாய மூடிக்கினு வாடி. போட்டோ எடு."

சார் மேடையிலிருந்து இறங்கியதுமே அத்தை போய்க் கும்பிட்டார். "சார், உங்க ஆட்டம்னா எனக்கு உசுரு. சால்வையோட தனியா ஒண்ணு நில்லுங்க சார். இன்னும் கொஞ்சம் அப்பால. ஆங், அங்க!"

சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் போனை எடுத்தேன். அத்தை ஸ்வர்ணலதாம்மா பக்கம் சாய்ந்து, "அவசரமைதே ராம்மா" என்றார்.

வேலூரில் பிறந்த எனக்குத் தெலுங்கு அரைகுறை. போட்டோவுக்கு அவசரமாக வரச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வீடு திரும்பி, சாப்பிட்டு, குழந்தையைத் தூங்க வைத்தேன்.

"கபடி கபடி கபடி..."

பார்த்தால் எங்கள் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. மேல் தாழ்ப்பாளும் போடவில்லை, கீழ்த் தாழ்ப்பாளும் போடவில்லை. ஓடிப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"போடாதடி."

"அத்தை, குழந்தை இருக்கிறாள்!"

"ஸ்வர்ணலதா வந்தா இன்னா பண்ணுவா? அவசரம்னா வரச் சொல்லிக்கீறேன் இல்ல?"

"அது போட்டோவுக்கு இல்லையா?"

"தெலுங்குல அவசரம்னா தேவைடி. தேவைப்பட்டா வான்னேன். அதான் கதவத் தெறந்து வெச்சிக்கீறேன். அவளாண்ட ஒரு வார்த்த பேச வேற எங்க வுட்டான் அவன்? வாயில தெம்பு இருந்துதான் அவ்ளோ விசில் அடிச்சேனா?"

'தொம்' சத்தம் வரவில்லை. கேட் மோதும் சத்தம் வந்தது; சால்வை குஷியில் சார் அன்றைக்குப் பூட்ட மறந்திருக்க வேண்டும். யாரோ ஓடி வரும் சத்தம்.

கதவு திறந்தது. ஸ்வர்ணலதாம்மா குப்புற விழுந்தார். கை எங்கள் வாசற்படி மேல் இருந்தது. கால் வெளியே இருந்தது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சார் மண்டியிட்டிருந்தார். தோளில் அந்தச் சால்வை.

"வுடுங்க சார்" என்றார் அத்தை, மைதானத்தில் கத்திய அதே குரலில். "கோட்டத் தொட்டுட்டா!"

எத்தனை வருஷப் பழக்கமோ, சாரின் கை தானாக விட்டது.

"நீங்க அவுட்டு."

அத்தை ஸ்வர்ணலதாம்மாவை உள்ளே இழுத்து மேல் தாழ்ப்பாளைப் போட்டார். கீழ்த் தாழ்ப்பாளை நான் போட்டேன்.